கடிகாரத்தை நம்பாத மணி அக்கா

கோல சிலாங்கூரில் சூரியன் உதிக்க யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை. ஆனால் காலை ஏழே முக்கால் ஆவதற்கு மணி அக்காவின் அனுமதி வேண்டும். அவர் மனம் வைத்தால்தான் ஏழே முக்கால். மனம் வைக்காவிட்டால் ஊரில் உள்ள கடிகாரமெல்லாம் ஏழு ஐம்பத்தைந்தைக் காட்டினாலும் எங்கள் கான்வெண்டுக்குப் பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை என்று அர்த்தம்.

மணி அக்கா எங்கள் பெண்கள் பள்ளியில் மணி அடிப்பவர். மணி அடிப்பது, கேட்டைப் பூட்டுவது, கன்னியாஸ்திரிகளின் துணிகளுக்குக் கஞ்சி போடுவது என்று மூன்று வேலைகள். பள்ளியின் வரலாற்றைக் காப்பது நான்காவது. அதை அவரிடம் யாரும் ஒப்படைக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. அறுபதைத் தாண்டியவரை அக்கா என்று கூப்பிடுவது சரியா என்று புதிதாகச் சேர்ந்த ஒருத்தி யோசித்து, மரியாதையாக "பாட்டி" என்றாள். அந்தப் பிள்ளைக்கு ஐந்து வருடமும் கழிவறைக்குப் போகச் சாவி கிடைப்பது கஷ்டமாகவே இருந்தது.

பள்ளி தொடங்கிய கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். பாலம் வருவதற்கு முந்தைய காலம். ஆற்றைக் கடக்க ஃபெரிதான். அதில் மூன்று சிஸ்டர்கள், ஒரு சமையல் பானை, ஒரு வெள்ளைக் குடையோடு வந்து இறங்கினார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஐந்து சிஸ்டர்கள், இரண்டு குடைகள், ஆற்றில் ஒரு முதலை. கருவாட்டுக் கடையின் மாடியில்தான் முதல் வகுப்பு. படிக்க வந்தது ஐந்தே பெண்கள். மாலையில் அவர்கள் வீட்டுக்கு நடந்தால் ஊர்ப் பூனைகள் எல்லாம் பின்னாலேயே போகும். ஐந்து பேரில் முதல் நான்கு பேர் டீச்சராகவும் நர்ஸாகவும் ஆகிவிட்டார்கள்.

"அஞ்சாவது ஆளு நான்தான். எனக்குப் படிப்பு ஏறல. மதரு என்னைய வீட்டுக்கு அனுப்ப மனசு வராம மணி அடிக்கச் சொல்லிட்டாங்க" என்பார், ஏதோ பட்டம் வாங்கிய பெருமையோடு.

அந்த மணியும் சாதாரண மணி இல்லை. அக்காவின் அப்பா ஃபெரியில் வேலை செய்தவர். ஃபெரிக்கு ஹாரன் வந்தபோது பழைய வெண்கல மணியைக் கழற்றி, மகளைப் படிக்கவைத்த மதருக்குக் கொடுத்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மரக்கால்களுக்கு நடுவே அது தொங்கியது. அதைத் தொடும் உரிமை அக்காவைத் தவிர உலகில் ஒருவருக்கும் கிடையாது, மேய் லிங்கைத் தவிர.

இங்கேதான் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மேய் லிங் செகிஞ்சானிலிருந்து வருபவள். நெல் வயல் வைத்திருக்கும் சீனக் குடும்பம். முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பள்ளிக்கு வர முடியும் என்பதால் ஏழு மணிக்கெல்லாம் வந்து சேர்ந்துவிடுவாள். மணிக்கு அடியில் இருந்த பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்து, அக்காவின் பாலில்லாத கோப்பி ஓவில் பிஸ்கட்டை நனைத்துத் தின்பாள். நான் ஏழாவது மைலில் இருக்கும் ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்திலிருந்து லோரியில் வந்து குதிக்கும்போது இரண்டு பேரும் பிஸ்கட் டின்னை மூடிக்கொண்டிருப்பார்கள். ஐந்து வருடமும் நான் பார்த்தது அந்த மூடியைத்தான்.

அக்கா பேசுவது தமிழ். நான் பேசுவது தமிழ். ஆனால் அவர் கதை சொன்னதெல்லாம் மேய் லிங்கிடம், பாதி மலாயிலும் பாதி கையை ஆட்டியும். அவளைக் கூப்பிடும்போது "மேலிங்கு" என்று அழகாகப் பெயர் சொல்வார். எனக்குப் பெயரே இல்லை.

"ஏய் ஏழாங்கட்டை, ஓடு, ஓடு. மணி அடிக்கப் போறேன்."

எனக்கு அவர் கொடுத்த மொத்த உபசாரமும் இதுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. தோட்டத்திலிருந்து முருங்கைக்கீரை கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டு "ஓடு" என்றார். தீபாவளிக்கு அம்மா சுட்ட அதிரசத்தை டப்பாவில் கொண்டுபோனேன். அன்று இடைவேளையில் என் கண் முன்னாலேயே அந்த அதிரசத்தை மேய் லிங் கடித்துக்கொண்டிருந்தாள். "செடாப் லா" என்று என்னைப் பார்த்துச் சொல்லவும் செய்தாள். சுவையாக இருக்கிறதாம். எங்கள் அம்மா சுட்டது எப்படியிருக்கும் என்று எனக்கு அவள் சொல்லித் தர வேண்டியிருந்தது.

அக்காவின் மனதில் இடம்பிடிக்க நான் செய்த கடைசி முயற்சிதான் படுமோசமாக முடிந்தது. பழைய மாணவிகள் சிலர் பள்ளியைப் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா ஐந்து சிஸ்டர்கள் வந்த கதையை உச்சத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். நான் எவ்வளவு கவனமாகக் கேட்டு வைத்திருக்கிறேன் என்று காட்டுவதற்காக, "அக்கா, போன வாரம் மூணு சிஸ்டருன்னு சொன்னீங்களே, முதலையும் இல்லையே" என்றேன். வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை எனக்கு "ஓடு" கூடக் கிடைக்கவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

சரி, மணிக்கு வருகிறேன். எண்பத்திரண்டில் மலேசிய அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். நான் தமிழ்ப்பள்ளியை முடித்து, பாரம் என்னும் இடைநிலை வகுப்புகளுக்கு முந்தைய புதுமுக வகுப்பில் சேர்ந்ததும் அதே மாதம்தான். எங்கள் தோட்டத்திலிருந்து ஆறு பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தோம். லோரி முதலில் ஆட்களைப் பால்மரக் காட்டில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் எங்களை டவுனுக்குக் கொண்டுவரும். பாலுக்காக மரப்பட்டையை வெட்ட வெளிச்சம் வேண்டும். கடிகாரத்தைத் தள்ளி வைத்த மாதிரி வெளிச்சத்தைத் தள்ளி வைக்க அரசாங்கத்தால் முடியவில்லை. வேலையாட்களை மேற்பார்க்கும் எங்கள் மண்டோருக்கு இதையெல்லாம் விளக்கவும் யாருமில்லை. "டைம் மாத்துனவனைக் கூட்டிட்டு வந்து இருட்டுல வெட்டச் சொல்லு" என்பார்.

முதல் இரண்டு வாரம் மணி அக்கா உத்தரவுப்படி கடிகாரத்தைப் பார்த்து அடித்தார். லோரி வெளிச்சத்துக்காகக் காத்திருந்து பிந்தி வந்ததால், நாங்கள் போய்ச் சேரும்போது கேட் பூட்டியிருக்கும். தாமதமாக வருபவர்கள் அசெம்பிளி முடியும்வரை வெளியே ரோட்டோரம் நிற்க வேண்டும். சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். எங்களில் சரசு கொஞ்சம் ரோஷக்காரி. இரண்டாம் வாரம் முடிந்ததும் அவள் வரவில்லை. அவளுடைய அப்பா, ரோட்டில் நிற்பதற்கா பள்ளிக்கூடம் என்று நிறுத்திவிட்டார்.

அதற்கு அப்புறம்தான் அக்காவுக்குப் பைத்தியம் பிடித்தது. பள்ளி முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டது. திடீரென்று ஒரு திங்கட்கிழமை, கடிகாரம் பொய் சொல்கிறது, இனிமேல் நான் அதைப் பார்க்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நிற்பார். அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது அடிப்பார். ஒருநாள் சரியான நேரம், ஒருநாள் ஐந்து நிமிடம் தாமதம், மழை நாளில் பத்து நிமிடம். பெரிய சிஸ்டர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, வராந்தாவில் நின்று பார்ப்பார். மணி அடித்ததும் தன் கைக்கடிகாரத்தை அதற்கேற்பத் திருத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். இப்படி ஒரு அடக்கமான தலைமையாசிரியையை நான் அப்புறம் பார்க்கவில்லை.

அக்கா எதை வைத்து மணி அடிக்கிறார் என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி இருந்தது. மாதா சிலையின் நிழல் மூன்றாம் படியைத் தொட்டால் அடிக்கிறார் என்றார் மலாய் டீச்சர். மேகமூட்டமான நாளில் நிழலுக்கு எங்கே போவது என்று கேட்டால் பாடத்தை ஆரம்பித்துவிடுவார். தன் முதல் சட்டி கறிபஃப் வெந்து முடிந்தால் அடிக்கிறார் என்று கேண்டீன்காரர் பெருமையடித்துக்கொண்டார். என் கட்சி எளிமையானது. இந்த அம்மாவுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது, படிப்பு ஏறாத ஐந்தாவது ஆள்தானே என்று வகுப்பில் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். பொறாமை வந்தால் நாக்குக்குக் கேட் கிடையாது.

இதற்கு நடுவே, ஒரு விஷயத்தில் நான் மேய் லிங்குக்குச் சமமாக இருந்தேன். நேரந்தவறாமை. புதுமுக வகுப்பின் அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு நான் ஒரு நாள்கூடத் தாமதம் இல்லை. லோரியிலிருந்து குதித்து, கேட்டுக்குள் கால் வைத்து, மூச்சு வாங்கி நிற்கும்போதுதான் மணி அடிக்கும். என் அதிர்ஷ்டமா திறமையா என்று யோசித்துப் பார்த்து, திறமைதான் என்று முடிவு செய்திருந்தேன். பாரம் ஒன்றிலும் இரண்டிலும் எங்கள் இருவருக்குமே சான்றிதழ் கிடைத்தது. பாரம் மூன்றில் ஒருநாள் செகிஞ்சான் பஸ் தஞ்சோங் காராங் பக்கத்தில் படுத்துவிட்டது. நான் வந்தேன், மணி அடித்தது, கேட் பூட்டப்பட்டது. ஐந்து நிமிடம் கழித்து மேய் லிங் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்து வெளியே நின்றாள். பூட்டிய கேட்டுக்கு அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் அவருடைய செல்லம். அன்று முழுக்க எனக்குப் பசியே எடுக்கவில்லை.

லோரியில் என்னோடு வந்தவர்கள் அடிக்கடி லீவு எடுத்ததால், அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் எங்கள் வகுப்பிலிருந்து நேரந்தவறாமைக்கு நான் ஒருத்திதான் மேடை ஏறினேன். பரிசு ஓர் அலாரம் கடிகாரம். இறங்கும்போது அதை மேய் லிங் நன்றாகப் பார்க்கும்படி கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். அவள் எழுந்து நின்று கை தட்டினாள். அது நடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாரம் நான்கில்தான் வினை வந்தது. பெரிய சிஸ்டர் அடுத்த வருடம் ஓய்வுபெறப் போகிறார், அவருக்குப் பின் பள்ளியில் கன்னியாஸ்திரி யாரும் இருக்கமாட்டார் என்று தெரிந்தது. போவதற்குள் பள்ளியின் வரலாற்றை ஆண்டு மலரில் போட்டுவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். பழைய பதிவேடெல்லாம் ஜப்பான்காரன் காலத்திலேயே ஆற்றோடு போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே பதிவேடு மணி அக்கா. அவர் சொல்ல யார் எழுதுவது?

நான் கையைத் தூக்கினேன். தமிழ்க் கட்டுரைப் போட்டியில் மாவட்ட அளவில் பரிசு வாங்கியவள். அக்காவின் மொழி தெரிந்தவள். பெரிய சிஸ்டர் என்னை அக்காவிடம் அழைத்துப்போனார். அக்கா தலையைக்கூடத் தூக்காமல் கஞ்சித் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"இவ வேணாம் சிஸ்டர். மேலிங்கு எழுதட்டும்."

"ஏன்க்கா, அவளுக்குத் தமிழே தெரியாதே" என்றேன்.

"தெரியாது. அதான் சொன்னதை எழுதும். நீ எழுத மாட்டே, திருத்துவே."

முதலையை அவர் மறக்கவேயில்லை. மூன்று மாதம் மேய் லிங் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். என் பள்ளியின் வரலாறு, என் மொழி பேசும் அக்கா சொல்லச் சொல்ல, செகிஞ்சான்காரியின் நோட்டில் மலாயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆறுதலாகப் பெரிய சிஸ்டர் ஒரு வேலை கொடுத்தார். மேய் லிங் எழுதி முடித்ததை மலரின் தமிழ்ப் பகுதிக்கு நான் மொழிபெயர்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் விளைந்த காயைச் செகிஞ்சான் சந்தையில் வாங்கிவரச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் சம்மதித்தேன். அவள் செய்த தப்புகளைக் கண்டுபிடிக்கலாமே.

ஒரு மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவோடு ஆரம்பித்தேன். ஐந்து சிஸ்டர்கள் இருந்தார்கள். முதலையும் இருந்தது. கருவாடு, பூனை, ஃபெரி மணி எல்லாம் அக்கா சொன்னபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். அதன் பக்கத்தில், "அக்கா இதைச் சொன்னார். புத்தகத்தில் போட வேண்டாம் என்றும் சொன்னார்" என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பத்தியைத்தான் நான் முதலில் மொழிபெயர்த்தேன்.

"ஃபெரி மணியைக் கடைசி ஆள் ஏறிய பிறகுதான் அடிக்க வேண்டும், கரையில் ஆள் ஓடி வரும்போது அடிக்கக் கூடாது என்பது அக்காவின் அப்பா வைத்திருந்த முறை. நேரம் மாறிய வருடம் இரண்டு வாரம் அக்கா கடிகாரத்தைப் பார்த்து அடித்தார். ஒரு பெண் பள்ளியை விட்டு நின்றுவிட்டாள். அதிலிருந்து, ஏழாங்கட்டை லோரி ரோட்டு முனையில் திரும்பிய பிறகுதான் அடிக்கிறார். முன்பு அதில் ஐந்து பேர் வந்தார்கள். இப்போது ஒருத்திதான் வருகிறாள்."

உண்மைதான். சரசுக்குப் பின், ஒருத்திக்குக் கல்யாணமானது. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றாள். இரண்டு பேர் பாரம் மூன்று பரீட்சையோடு நின்றார்கள். மிச்சம் நான்.

எண்ணூறு பெண்கள், முப்பது டீச்சர்கள், ஒரு பெரிய சிஸ்டர், எல்லோருடைய காலைப்பொழுதும் என் லோரிக்காகக் காத்திருந்தது. என் திறமையைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் அந்த நாற்காலியிலேயே செத்துப்போனது. இதைப் படித்தவுடன் எனக்கு நன்றி பொங்கியது என்று எழுதத்தான் ஆசை. பொங்கியது வேறு. மேய் லிங்கைத் தேடிப் போனேன்.

"உனக்கு இது எப்போலேர்ந்து தெரியும்?" என்று மலாயில் கேட்டேன்.

"பாரம் ஒன்னுலேர்ந்தே லா. தினமும் பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கேன்."

"அப்போ அந்தக் கடிகாரம்? நீ வெளிய நின்னியே, அப்பக்கூட ஏன் சொல்லல?"

"எங்க வீட்டுல கடிகாரம் நாலு இருக்கு" என்றாள் மேய் லிங். "அன்னைக்கு அக்கா அழுதாங்க. நான் காய்ச்சல்ல வரலைன்னு நெனச்சு அடிச்சிட்டாங்களாம். ரெண்டு பிஸ்கட் அதிகமா குடுத்தாங்க."

நல்ல குணத்திலும் இவள் என்னை முந்திவிட்டாளே என்று அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அங்கிருந்து நேராகக் கஞ்சித் தொட்டிக்குப் போனேன்.

"அக்கா, எனக்காகத்தான் மணி லேட்டா அடிக்கிறீங்களா?"

"யாரு சொன்னா?"

"நோட்டுல இருக்கு."

"அந்தப் புள்ள சொன்னதெல்லாம் எழுதும்னு சொன்னேன்ல" என்று அலுத்துக்கொண்டார் அக்கா. "உனக்காக ஒன்னும் இல்ல. லோரிக்காக."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ லோரிக்காரன்கிட்ட மெதுவாப் போங்கண்ணேன்னு சொல்லியிருப்ப. போ, போய்ப் படி."

அன்று மாலை தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்கடியில் இருந்த பரிசுக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தேன். ஒரே ஒரு நாள், மேய் லிங்குக்குச் சமமாக அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும். அப்பாவைக் கெஞ்சினேன். மறுநாள் விடியுமுன்பே என்னைச் சைக்கிளில் வைத்துப் பெரிய ரோடுவரை மிதித்து முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப்போய் மண்டோரிடம் வசவு வாங்கினார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஏழு மணிக்கு மேய் லிங்கோடு சேர்ந்து கேட்டுக்குள் நுழைந்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா புள்ள, லயம் கியம் தீப்பிடிச்சிருச்சா?"

"இல்லக்கா. சும்மாதான் வந்தேன்."

பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். அவருக்கு ஒரு பக்கம் மேய் லிங், இன்னொரு பக்கம் நான். பிஸ்கட் டின் திறந்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கோப்பியில் நனைத்து ஒன்றைக் கொடுத்தார். நான் கற்பனை செய்து வைத்திருந்த அளவுக்கு அது ருசியாக இல்லை, ஆனாலும் மெதுவாகத் தின்றேன். முதலை வந்த கதையைச் சொல்லச் சொன்னேன். திருத்தாமல் கேட்டேன்.

ஏழரை ஆனதும் அக்காவின் பேச்சு குறைந்தது. எழுந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டார். ஏழே முக்கால் ஆனது. பெரிய சிஸ்டர் வராந்தாவுக்கு வந்தார். அக்கா அடிக்கவில்லை. முனையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான்தான் வந்துட்டேனே" என்றேன்.

"தெரியுது லா. செத்த சும்மா இரு."

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். என் தோள் அவர் கையில் இடித்துக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, ரோட்டை மட்டும் பார்த்தார். மேய் லிங்கைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஏழு ஐம்பதுக்கு, டவுனில் சாமான் ஏற்ற வேண்டிய லோரி வழக்கம்போல முனையில் திரும்பியது. பின்னால் காலியாக இருந்தது. அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே "அட ஆமா" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மணியை அடித்தார்.

பாரம் நான்குவரை நான் பொறாமைப்பட்டது மேய் லிங் ஒருத்திமேல்தான். அன்று காலை, அந்த லோரியில் தினமும் வந்து குதிக்கும் பிள்ளைமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து மறுபடியும் லோரியிலேயே போனேன்.